ஆயிரம் யென் தாளும் அவித்த முட்டையும்: யூனோமினே போய்வந்த கதை

ஊர் திரும்பி மூன்று நாளாகிறது. துண்டை இரண்டு முறை துவைத்தாயிற்று, கந்தக வாடை மட்டும் போகவில்லை. மனைவி அதைத் தூக்கிப் போடச் சொல்கிறாள். நான் மறுத்துக்கொண்டிருக்கிறேன்.

போன இடம் யூனோமினே ஓன்சென். ஜப்பானில் வகயாமா மாநிலத்தின் கூமனோ மலைக்குள் ஒளிந்திருக்கும் வெந்நீர் ஊற்றுக் கிராமம். எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதும்படி இரண்டு நண்பர்கள் கேட்டார்கள். முயல்கிறேன், ஆனால் முதலில் பேருந்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

டோக்கியோ, கியோட்டோ எல்லாம் வழக்கம்போல் கூட்டம், வழக்கம்போல் செலவு. அதைத் தாண்டிவிடுகிறேன். ஜப்பான் ரயில் பாஸ் 7 நாளுக்கு முன்பு 29,650 யென். 2023 அக்டோபரில் அது 50,000 யென் ஆனது. யென்னைப் பாதியாக்கி மேலே கொஞ்சம் சேர்த்தால் நம் ரூபாய். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு பாஸே வேண்டாம் என்று முடிவெடுத்தோம். மலைக்குள் ரயிலும் கிடையாது. நாரா பக்கத்திலிருந்து தெற்கே ஷிங்கூ வரை ரயில் விடத் திட்டம் போட்டு, பாதியில் கைவிட்டிருக்கிறார்கள். எதற்கும் உதவாமல் நிற்கும் அந்தப் பாலத்தைக் கோஜோ ஊருக்குள் போகும்போது பேருந்து ஜன்னலிலிருந்தே பார்க்கலாம்.

ஆக, யாகி–ஷிங்கூ பேருந்து. நாரா மாநிலத்தின் யமாட்டோ யாகி ரயில் நிலையத்து வாசலில் ஏறினால் பசிபிக் கரையிலிருக்கும் ஷிங்கூவில் இறக்கிவிடும். விரைவுச் சாலையைத் தொடாத சாதாரணப் பேருந்துகளில் ஜப்பானிலேயே நீளமான தடம் இதுதான். தூரம் 170 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, நிறுத்தங்கள் 160-க்கு மேல், நேரம் ஆறரை மணி. நாளுக்கு மூன்றே வண்டி. முன்பதிவு கிடையாது, வண்டிக்குள் கழிப்பறையும் கிடையாது. நாங்கள் காலை வண்டியில் ஏறினோம். முதல் ஒரு மணி நேரம் பள்ளிப் பிள்ளைகள், மருத்துவமனைக்குப் போகும் பாட்டிகள் என்று நம்ம ஊர் டவுன் பஸ் மாதிரியே போனது. மலை ஏறத் தொடங்கியதும் ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கி, கடைசியில் ஐந்து பேர்தான் மிஞ்சினோம்.

வளைவு என்றால் அப்படி ஒரு வளைவு. ஏற்காடு, கொல்லிமலை எல்லாம் பார்த்தவன் என்ற திமிரில் காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு ஏறியது என் தப்பு. இரண்டாவது மணி நேரத்தில் புளிப்பு மிட்டாயைச் சப்பியபடி கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்தில் இவள் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு, "என்னங்க, இலையைப் பாருங்க, தீப்பிடிச்ச மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நவம்பர் மாதம். ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். உண்மைதான்.

நடுவில் உயெனோஜி என்ற இடத்தில் ஓய்வுக்கு நிறுத்துகிறார்கள். இறங்கி இரண்டு நிமிடம் நடந்தால் தனிசே தொங்குபாலம். 297 மீட்டர் நீளம், 54 மீட்டர் உயரம். மழைக்காலத்தில் ஆற்றைக் கடக்க முடியாமல் தவித்த கிராமத்து மக்கள் தங்கள் பங்குக்குப் பணம் போட்டு 1954-இல் கட்டியது. கட்டணம் இல்லை. நாலு பலகை அகலம்தான், இருபுறமும் கம்பிவலை. எதிரே ஆள் வந்தால் பலகை மேலும் கீழும் ஆடுகிறது. பலகை இடுக்கில் பச்சை ஆறு தெரிகிறது. நான் நடுப்பாலம் வரை போய், வண்டி கிளம்பிவிடும் என்று சாக்குச் சொல்லித் திரும்பினேன். வண்டி கிளம்பப் பத்து நிமிடம் இருந்தது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அப்புறம் தொட்சுகாவா. ஜப்பானின் மிகப் பெரிய கிராமங்களில் ஒன்று. 1889 பெருவெள்ளத்தில் அழிந்த வீடுகளை விட்டு இங்கிருந்தவர்கள் வடக்கே ஹொக்கைடோ போய் 'புதிய தொட்சுகாவா' என்றே ஓர் ஊரை உண்டாக்கினார்கள். அங்கே நின்றபோது வாங்கிய மெஹாரி சூஷிதான் என் வயிற்றைக் காப்பாற்றியது. ஊறவைத்த கீரை இலையில் பொதிந்த சோற்று உருண்டை, மீன் எதுவும் இல்லை. மெஹாரி என்றால் கண்ணை விரிப்பது என்று பொருளாம். உருண்டை அவ்வளவு பெரிது, வாயைத் திறக்கும்போது கண்ணும் சேர்ந்து திறக்கிறது.

யூனோமினேயில் இறங்கும்போதுதான் சிக்கல். ஏறும்போது எடுத்த சீட்டில் ஓர் எண் இருக்கும். முன்னால் உள்ள பலகையில் அந்த எண்ணுக்குக் கீழே கட்டணம் ஏறிக்கொண்டே போகும். ஐந்து மணி நேரமாக ஆட்டோ மீட்டரைப் பார்ப்பதுபோல் அதையே பார்த்து வந்தேன். ஒருவருக்கு 5,000 யென்னை ஒட்டி வந்து நின்றது. என் கையில் 10,000 யென் தாள். உண்டியல் போலிருக்கும் அந்தக் கட்டணப் பெட்டி ஆயிரம் யென் தாளை மட்டும்தான் மாற்றித் தருமாம். ஓட்டுநர் இரு கையாலும் பெருக்கல் குறி காட்டிவிட்டு, எனக்குப் பதிலாகத் தானே தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். கடைசியில் பின் இருக்கைத் தாத்தா தன் பணப்பையிலிருந்து பத்து ஆயிரம் யென் தாள்களை ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்தார். தயவுசெய்து முதல் நாளே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஊர். ஓர் ஓடை, அதன் இரு கரையிலும் பத்துப் பதினைந்து விடுதிகள், நடுவே ஆவி. அவ்வளவுதான். ஓடைக்கு நடுவில் ஒரு மரக் குடிசை இருக்கிறது. அதுதான் ட்சுபோயூ. பாறையில் இயற்கையாக அமைந்த குழி, இரண்டு மூன்று பேர் நெருக்கி உட்காரலாம். புனித யாத்திரைப் பாதையோடு சேர்த்து 2004-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. சீட்டு 800 யென்; வந்த வரிசைப்படி முறை, ஒரு குழுவுக்கு அரை மணி நேரம். சோப்பு போடக் கூடாது.

ஜப்பானிய வெந்நீர்க் குளியல் என்றாலே நம்மவர்களுக்கு ஒரு தயக்கம் உண்டு: பொதுத் தொட்டியில் ஒட்டுத் துணியில்லாமல் இறங்க வேண்டும். இங்கே அந்தப் பேச்சே இல்லை. கதவைத் தாழிட்டால் உங்கள் குடும்பம் மட்டும்தான். நாங்கள் போனபோது தண்ணீர் பால் கலந்த நீலமாக இருந்தது; நாளுக்கு ஏழு முறை நிறம் மாறும் என்கிறார்கள். முதலில் கால் விரலை வைத்துவிட்டு அலறினேன். குளிர்ந்த தண்ணீரைக் கலந்து, அங்குலம் அங்குலமாக இறங்கிக் கழுத்துவரை உட்கார்ந்ததும், ஐந்து மணி நேரப் பேருந்து முதுகிலிருந்து கழன்று போனது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடை ஓடுகிறது. வேறு சத்தம் இல்லை.

இந்தக் குழிக்கு ஒரு கதையும் உண்டு. நஞ்சு வைக்கப்பட்டு உருக்குலைந்த ஒகுரி என்ற வீரனை ஒரு வண்டியில் வைத்து, வழியில் கண்டவர்களெல்லாம் கொஞ்ச தூரம் இழுத்து இழுத்தே இங்கே கொண்டுவந்து சேர்த்தார்களாம். இழுப்பவர்களுக்குப் புண்ணியம். தேர்வடம் பிடித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இனி முட்டை. ஓடைக்கரையில் கல் கட்டிய தொட்டி ஒன்று, யூசுட்சு என்று பெயர். உள்ளே 90 டிகிரி ஊற்று நீர். பக்கத்துக் கடையில் வலைப்பையில் முட்டை விற்கிறார்கள், சர்க்கரைவள்ளிக் கிழங்கும் உண்டு. பையைக் கயிற்றில் கட்டி இறக்கிவிட்டுப் பன்னிரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். ஊர்க்காரப் பாட்டி ஒருவர் கீரைக்கட்டை அங்கேயே முக்கி எடுத்துக்கொண்டு போனார். சமையல் எரிவாயு மிச்சம்! உரித்த முட்டையில் லேசான கந்தக மணம், கடையில் கொடுத்த உப்புப் பொட்டலம், வெளியே எட்டு டிகிரி குளிர். கியோட்டோவில் 4,000 யென் கொடுத்துச் சாப்பிட்டதை நான் மறந்தே போனேன்.

தங்குமிடத்தில் ஒரு வயிற்றெரிச்சல். பதிவுத் தளத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்த விலை ஓர் ஆளுக்கு. நான் அறைக்கு என்று நினைத்துவிட்டேன். பணம் கட்டும்போது இரு மடங்கு, மேலே குளியல் வரி வேறு. சுருக்கமாகச் சொன்னால், இரவு முழுக்கத் தூக்கமில்லை. ஆனால் காலையில் ஊற்று நீரிலேயே காய்ச்சிய அரிசிக் கஞ்சி வந்தது, தொட்டுக்கொள்ள உமேபோஷி, அதாவது உமே என்ற புளிப்புப் பழத்தை உப்பில் ஊறவைத்த ஊறுகாய். ஜப்பானில் உமே அதிகம் விளைவது இந்த வகயாமாவில்தான். கஞ்சியும் ஊறுகாயும்! இரண்டு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்துக் கொஞ்சம் பணத்தை மீட்டேன். சைவக்காரர்கள் மட்டும் கவனம்: குழம்பு, காய் எல்லாவற்றிலும் மீன் சாறு இருக்கும், முன்கூட்டியே எழுதிச் சொல்லிவிடுங்கள்.

மறுநாள் மலைப்பாதையில் ஒன்றரை மணி நேரம் நடந்து ஹோங்கூ கோயில். 1889 வெள்ளத்துக்கு முன் கோயில் இருந்த ஆற்றுத் திடலில் இப்போது 34 மீட்டர் உயர வாசல் வளைவு நிற்கிறது. அன்று மாலை கவாயூ. அங்கே ஆற்று மணலைத் தோண்டினாலே வெந்நீர் ஊறுகிறது, காசு கிடையாது, நீச்சல் உடையும் போடலாம். மண்வெட்டி இல்லாமல் கையால் தோண்டி விரலைச் சுட்டுக்கொண்டேன்.

கிளம்பும் நாள் காலையில் வழிக்கு ஆறு முட்டை அவித்துக்கொண்டோம். கடற்கரை ஊரான டனாபேக்குப் போகும் பேருந்தில் உரித்தால் வாடை வருமே என்று இவள் தடுத்துவிட்டாள். இரண்டு மணி நேரமும் முட்டைப்பை என் மடியில் சுடச்சுட இருந்தது, சட்டைப் பையில் ஆயிரம் யென் தாள்கள் எண்ணி வைத்தபடி இருந்தன.