சிஸ்டம் ஏறிடுச்சுங்க, பிரிண்டர் ஏறலைங்க

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதையொட்டித் திருப்பூர் பனியன் கம்பெனி ஆபீஸ்களிலும் ஈரோட்டு மஞ்சள் மண்டிகளிலும் காங்கேயம் பக்கத்து எண்ணெய் மில்களிலும் விண்டோஸ் 11 ஏற்றும் வேலை மும்முரமாக நடந்தது. சர்வீஸுக்குப் போகிறவர்கள் எல்லோருமே கேட்டிருக்கும் வசனம் ஒன்று உண்டு: "நேத்து வரைக்கும் ஓடிட்டுத்தானுங்க இருந்துச்சு. நீங்க வந்து தொட்ட பொறவு நின்னுபோச்சு." இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. முந்தின நாள் வரை ஓடியது, இன்று ஓடவில்லை. வாடிக்கையாளர் காசு கொடுத்துத் தொந்தரவை வாங்கியிருக்கிறார்.

விண்டோஸ் 11 ஏறுமா என்று சோதிக்கும் மைக்ரோசாஃப்டின் ஹெல்த் செக் மென்பொருள் பச்சை டிக் காட்டினால் எல்லாம் சரி என்று நினைத்துவிடுகிறோம். அது பார்ப்பது ப்ராசஸர், 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், செக்யூர் பூட் (தொடக்கத்தில் நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் காவல்), டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைக்கும் சிப்) போன்றவற்றைத்தான். பெட்டியின் பின்பக்கம் என்னென்ன கேபிள் செருகியிருக்கிறது என்று அது கேட்பதில்லை. ஒரு மண்டியில் கம்ப்யூட்டரின் மதிப்பு அதன் ப்ராசஸரிலா இருக்கிறது? எடைமேடையும் பில் பிரிண்டரும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் அதில் தொங்குவதால்தான் அது அங்கே இருக்கிறது.

ஹெல்த் செக் சிவப்புக் காட்டினாலும் உடனே நம்பிவிட வேண்டாம். இன்டெல் 8-ஆம் தலைமுறைக்குப் பிந்தைய அசெம்பிள்டு சிஸ்டம் பலவற்றில் டிபிஎம் உண்டு, ஆனால் பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்) அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் போர்டில் பிடிடி என்றும் ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்றும் இருப்பதை இயக்கினால் போதும். செக்யூர் பூட் இல்லை என்று சொன்னால், பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பகிர்வு முறையில் இருக்கும். விண்டோஸிலேயே உள்ள எம்பிஆர்2ஜிபிடி கருவியில் முதலில் சரிபார்ப்பு மட்டும் ஓட்டி, அது தேறினால் மாற்றி, பிறகு பயாஸை யூஇஎஃப்ஐ என்ற புது பூட் முறைக்குத் திருப்பலாம். இது தெரியாமல் நல்ல சிஸ்டங்களைப் பழைய சாமான்காரருக்குப் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

நம் பக்கத்தில் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது: எதற்கெடுத்தாலும் "ஃபார்மட் அடிச்சு ஃப்ரெஷ்ஷா போட்டுடலாங்க." ஃபார்மட் அடிப்பது சர்வீஸ்காரருக்குச் சுலபம், கடைக்காரருக்குத்தான் கஷ்டம். டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் காப்பி எடுத்துக்கொண்டு ஃபார்மட் அடிப்பார்கள். சி டிரைவின் வேரில் கிடக்கும் கணக்கு ஃபோல்டர், ப்ரிண்டருக்குப் போட்ட பேப்பர் அளவு, காம் போர்ட் (சீரியல் கேபிள் இணைப்பு) எண், தமிழ் ஃபான்ட், டோக்கன் ட்ரைவர் எல்லாம் அதோடு போய்விடும். அப்படியே மேலே ஏற்றினால் இவற்றில் பெரும்பகுதி பிழைக்கும். பிடிக்காவிட்டால் ரெக்கவரி பக்கத்தில் போய்ப் பழையதற்குத் திரும்பலாம். அந்த வசதி 10 நாள் மட்டுமே. டிஸ்ம் என்ற விண்டோஸ் கருவியின் கட்டளை கொடுத்து அதை 60 நாளாக நீட்டிக்கொள்ளலாம், ஆனால் அந்தப் 10 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். இடம் போதவில்லை என்று டிஸ்க் க்ளீனப்பில் பழைய விண்டோஸை டிக் செய்து அழித்தால் திரும்பும் வழி அடைபட்டுவிடும்.

32 பிட் விண்டோஸ் போட்டிருந்தால் மட்டும் ஃபார்மட்டைத் தவிர்க்க முடியாது. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. 32-இலிருந்து 64-க்கு அப்படியே ஏற்றவும் வழியில்லை. இது யாருக்கு வலிக்கும் என்றால், டாஸ் காலத்து ஃபாக்ஸ்ப்ரோவில் (பழைய டேட்டாபேஸ் மென்பொருள்) எழுதிய பில்லிங்கை இன்னும் ஓட்டுபவர்களுக்கு. டாஸ் மென்பொருள் 16 பிட். 32 பிட் விண்டோஸ் அதைத் தாங்கியது, 64 பிட் தாங்காது. எழுதிக் கொடுத்தவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. மென்பொருளோ ஒரு குறையுமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். இதற்கு இரண்டு வழி. ஒருவர் மட்டும் பில் போடும் இடமென்றால் டாஸ்பாக்ஸ் எக்ஸ் போன்ற, டாஸைப் போல நடிக்கும் எமுலேட்டர் போதும். இரண்டு மூன்று பேர் ஒரே டேட்டாவில் வேலை செய்தால் எமுலேட்டரை நம்பாதீர்கள். ஃபைல் பூட்டுவதில் தகராறு வந்து இண்டெக்ஸ் கெடும். அங்கே விர்ச்சுவல் பாக்ஸில் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள்) 32 பிட் விண்டோஸைப் போட்டு, அதற்குள் மென்பொருளை ஓட்டுவதுதான் பத்திரம். 32 பிட் மென்பொருளிலும் ஒரு கண்ணி இருக்கிறது: மென்பொருள் ஓடும், ஆனால் அதன் செட்அப் ஃபைல் 16 பிட்டாக இருக்கும். அதனால் 64 பிட் விண்டோஸில் அதைத் திரும்ப நிறுவ முடியாமல் போகலாம்.

பில் வந்துவிட்டது, பிரிண்ட் வரவில்லை என்பது அடுத்த கட்டம். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரைப் பழைய மென்பொருள் எல்பிடி 1 (பழைய பிரிண்டர் சாக்கெட்) என்ற பெயரில்தான் அறியும். புது போர்டுகளில் அந்தச் சாக்கெட்டே பெரும்பாலும் இல்லை. யூஎஸ்பி கன்வர்ட்டர் கேபிள் போட்டால் விண்டோஸ் அதற்கு யூஎஸ்பி 001 என்று பெயர் வைக்கும். எல்பிடி 1 காலியாகவே இருக்கும். பிரிண்டரை அதே சிஸ்டத்தில் ஷேர் செய்து, நெட் யூஸ் கட்டளையால் எல்பிடி 1-ஐ அந்த ஷேருக்குத் திருப்பிவிட்டால் ஓடும். கட்டளையின் கடைசியில் பெர்சிஸ்டென்ட் என்பதைச் சேர்க்காவிட்டால் மறுநாள் காலை மறுபடி கூப்பிடுவார்கள். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கட்டளைத் திரையில் அடிப்பதும் வழக்கமான பிழை: அந்தத் திருப்பம் அந்தத் திரையோடு நின்றுவிடும், பில்லிங் மென்பொருளுக்குத் தெரியாது. சாதாரணத் திரையிலேயே அடிக்க வேண்டும்.

பேப்பர் விஷயத்தை யாரும் பேசுவதில்லை, ஆனால் அதிகம் திட்டு வாங்கித் தருவது அதுதான். நம் கடைகளில் ஓடும் கன்டின்யூவஸ் பேப்பர் 10-க்கு 12 அங்குலம். ட்ரைவரை ஏற்றியதும் அது லெட்டர் என்று 11 அங்குலத்துக்குப் போய் நிற்கும். விண்டோஸ் ட்ரைவர் வழியாகப் பிரிண்ட் எடுக்கும் மென்பொருளில் முதல் பில் சரியாக வரும், இரண்டாவது ஓர் அங்குலம் முன்னாலேயே தொடங்கும், மூன்றாவது இரண்டு அங்குலம். கிழிக்கும் கோட்டின் மேலேயே கம்பெனி பெயர் விழும். முதல் பில்லைப் பார்த்துவிட்டு சர்வீஸ்காரர் கிளம்பியிருப்பார். செட்டிங்ஸில் பிரிண்டர் பக்கத்தின் அடியில் பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸ் இருக்கிறது. அங்கே 10-க்கு 12 என்று புதிய ஃபார்ம் உருவாக்கி, பிரிண்டரின் பேப்பராக அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். பாதிப் பேப்பர் பில் என்றால் 10-க்கு 6. தொடர்ச்சியாக ஐந்து பில்லாவது அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

எடைமேடைக்கு வருவோம். எடை காட்டும் இண்டிகேட்டரிலிருந்து ஒன்பது பின் சீரியல் கேபிள் வரும். கம்ப்யூட்டரில் அந்தச் சாக்கெட் இல்லாததால் நடுவில் யூஎஸ்பி கன்வர்ட்டர் இருக்கும். மலிவான பழைய கன்வர்ட்டர்களில் பிஎல் 2303 வரிசையின் எச்எக்ஸ்ஏ சிப் இருக்கும். 2012-லேயே நிறுத்தப்பட்ட சிப் அது. புது ட்ரைவர் அதைப் பார்த்ததும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் போட்டு, 'நிறுத்தப்பட்டது, விற்றவரைக் கேளுங்கள்' என்ற பொருளில் சாதனத்தின் பெயரிலேயே எழுதிக் காட்டும். கேபிள் கெடவில்லை, ட்ரைவர்தான் அதை மறுக்கிறது. பழைய ட்ரைவரைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால் ஓடும். அடுத்த அப்டேட்டில் மறுபடி புதியது வந்து உட்காரும். இதற்காக இரண்டாவது முறை வண்டியை எடுப்பதைவிட எஃப்டிடிஐ சிப் உள்ள கன்வர்ட்டரை வாங்கி மாட்டிவிடலாம்.

புதுக் கேபிள் மாட்டியதும் காம் போர்ட் எண் மாறும். முன்பு காம் 3, இப்போது காம் 11. பழைய எடை மென்பொருள்களில் 1 முதல் 4 வரைதான் தேர்வு இருக்கும். டிவைஸ் மேனேஜரில் போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு போய் எண்ணைக் கீழே இறக்கலாம். 'பயன்பாட்டில் உள்ளது' என்று எச்சரித்தாலும் பெரும்பாலும் அது பழைய கேபிளின் எச்சம்தான். திரையைப் பார்த்தே பழுதைப் பிரிக்கலாம்: எடை ஒன்றுமே வரவில்லை என்றால் காம் எண்ணையோ கேபிளையோ பாருங்கள், கிறுக்கல் எழுத்தாக வந்தால் பாட் ரேட்டோ (டேட்டா வேகம்) பாரிட்டியோ (பிழை சரிபார்ப்பு அமைப்பு) தப்பு. காலையில் வந்த எடை மதியம் நின்றால் மின்சேமிப்பு வேலை செய்கிறது. யூஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட்டில், அணைக்க அனுமதி தரும் டிக்கை எடுத்துவிட வேண்டும். எந்தச் சாக்கெட்டில் செருகியதோ அதில் வண்ண டேப் ஒட்டிவிடுங்கள். கூட்டிப் பெருக்குகிறவர் கழற்றி வேறு சாக்கெட்டில் மாட்டினால் எண் மறுபடி மாறலாம்.

திருப்பூர் ஏற்றுமதி ஆபீஸ்களில் உயிர்நாடி டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். ஜிஎஸ்டி, டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்), பிஎஃப் எல்லாம் அதை நம்பி நடக்கின்றன. மேலேற்றிய பிறகு டோக்கன் தெரியவில்லை என்றால், பழைய ட்ரைவரை நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, டோக்கனைக் கழற்றி வைத்துவிட்டுப் புது ட்ரைவரை நிறுவி, கடைசியில் செருக வேண்டும். கையெழுத்திட உதவும் எம்சைனர் மென்பொருளை அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்க வேண்டும். டோக்கன் மென்பொருளில் இனிஷியலைஸ் என்று ஒரு பட்டன் இருக்கும். 'சரி செய்' என்பதுபோலத் தோன்றும். அழுத்தினால் உள்ளே இருக்கும் சான்றிதழ் அழியும், புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும். பின் நம்பரை ஊகித்து அடிப்பதும் வேண்டாம், டோக்கன் பூட்டிக்கொள்ளும். ட்ரைவரே ஏற மறுத்தால் விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசொலேஷன் (ட்ரைவர்களைச் சோதிக்கும் காவல்) பக்கத்தைத் திறந்து, ஒத்துவராத ட்ரைவர் பட்டியலைப் பாருங்கள். காவலை அணைப்பதற்கு முன் தயாரிப்பாளரிடம் புது ட்ரைவர் இருக்கிறதா என்று தேடுவதே முறை.

ஜெராக்ஸ் மெஷினிலிருந்து ஸ்கேன் ஃபோல்டருக்கு வருவதில்லை என்றால், மெஷின் பெரும்பாலும் எஸ்எம்பி 1 என்ற பழைய ஃபைல் பகிர்வு முறையில் பேசுகிறது என்று பொருள். புது விண்டோஸில் அது இருக்காது. மேலேற்றிய சிஸ்டத்தில் முதலில் இருந்தாலும் 15 நாள் பயன்படாவிட்டால் தானே கழன்றுகொள்ளும். அதைத் திரும்ப இயக்குவது எளிது, ஆனால் கூடாது. 2017 மே மாதம் வான்னாக்ரை பரவியது இந்த ஓட்டை வழியாகத்தான். மெஷினில் எஃப்டிபி வசதி இருந்தால் அதற்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் பென் டிரைவ். பாஸ்வேர்டு இல்லாத ஷேர் ஃபோல்டரை வைத்தே காலம் ஓட்டிய ஆபீஸ்களில், விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்புக்குப் பிறகு அது திறக்காது. ஆளுக்கொரு யூசரும் பாஸ்வேர்டும் போட்டுத்தான் தீர வேண்டும். ஆக்டிவ்எக்ஸ் (பழைய பிரவுசர் கூடுதல் மென்பொருள்) கேட்கும் பழைய டிவிஆர் கேமரா பக்கத்துக்கு எட்ஜ் பிரவுசரில் ஐஇ மோட் (பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் முறை) இருக்கிறது. பட்டியலில் சேர்த்த பக்கம் 30 நாளில் காலாவதியாகும், திரும்பச் சேர்க்க வேண்டும்.

அச்சகங்களில் பாமினி போன்ற பழைய ஃபான்ட்களை ஏற்றியும் பேஜ்மேக்கரில் தெரியவில்லை என்றால், இரட்டைச் சொடுக்கில் நிறுவியதுதான் காரணமாக இருக்கும். அது அந்த யூசருக்கு மட்டும் போய் உட்காரும். வலது சொடுக்கில் எல்லா யூசருக்கும் என்று நிறுவினால் தெரியும்.

ஃபார்மட் அடித்த சிஸ்டத்தில் ஒன்றைத் தவறாமல் பார்க்க வேண்டும். 24எச்2-வைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் டிஸ்க் தானாகவே என்க்ரிப்ட் ஆகலாம் (சாவி இல்லாமல் திறக்காதபடி பூட்டிக்கொள்ளலாம்). அவசரத்துக்கு சர்வீஸ்காரர் தன் மெயிலைப் போட்டு நிறுவியிருந்தால், 48 இலக்க ரெக்கவரி சாவி அவர் கணக்குக்குப் போய்விடும். ஒரு வருடம் கழித்து பயாஸ் மாறியதும் சிஸ்டம் சாவி கேட்கும், அவர் போனை எடுக்கமாட்டார். முதலாளியின் மெயிலிலேயே நுழைந்து, சாவியைப் பிரிண்ட் எடுத்துப் பீரோவில் வைக்கச் சொல்லுங்கள்.

எந்த நாளில் செய்வது என்பதும் தொழில்தான். ஜிஎஸ்டி ரிட்டர்ன்களில் ஜிஎஸ்டிஆர் 1-க்குக் கடைசி நாள் 11-ஆம் தேதி, 3பி-க்கு 20-ஆம் தேதி. மாதாமாதம் தாக்கல் செய்யும் கடையில் 21-க்கும் 27-க்கும் நடுவில் கை வைத்தால் பழுதைத் தேட நேரம் கிடைக்கும். மண்டியில் வரத்து உச்சத்தில் இருக்கும்போது வேண்டவே வேண்டாம்.

சில இடங்களில் மேலேற்றாமல் இருப்பதே சரியான சர்வீஸ். விண்டோஸ் 10-க்குத் தனிநபர் கணக்குக்கான நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை உண்டு. செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் கட்டணமே இல்லை. விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. டையிங் லேபில் கலர் மேட்சிங் கருவியோடு பிணைந்த எக்ஸ்பி சிஸ்டம் போன்றவற்றில் இந்தத் திட்டமும் உதவாது. அவற்றின் நெட் கேபிளைக் கழற்றித் தனியாக வைத்துவிடலாம். டேட்டா போக வர ஒரே ஒரு பென் டிரைவ், அதையும் செருகும் முன் வேறு சிஸ்டத்தில் ஸ்கேன் செய்ய வேண்டும். ஹார்ட் டிஸ்க்கின் முழு இமேஜை இரண்டு இடத்தில் எடுத்து, ஒன்றை வேறு டிஸ்க்கில் ஏற்றி பூட் ஆகிறதா என்று பார்த்துவிடுங்கள். போர்டில் இருக்கும் சிஆர் 2032 பேட்டரியையும் அப்போதே மாற்றிவிடலாம். அது தீர்ந்து பயாஸ் செட்டிங் அழிந்தால், ஹார்ட் டிஸ்க் கன்ட்ரோலர் மோட் மாறி நீலத் திரையில் நிற்கும். மாற்றும் முன் பயாஸ் பக்கங்களைப் போனில் படம் எடுத்து, முதலாளி வாட்ஸப்புக்கும் ஒரு காப்பி அனுப்பிவிடுங்கள்.