பெயரைப் போட்டு நாறடிப்பது எந்தத் தண்டனையில் சேர்த்தி?

பாலியல் தொழிலாளியைத் தேடிப் போனதற்காக ஒருவருக்கு நீதிமன்றம் அபராதம் போடுகிறது, அவரும் கட்டிவிடுகிறார். அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை, அப்புறம்தான் அவருடைய போட்டோ, பெயர், வயது, தெரு எல்லாம் இணையத்துக்கு வருகிறது, ஊரே கூடிக் காறித் துப்புகிறது. "நல்லா வேணும்" என்று சொல்கிறவர்களில் எனக்கு நெருக்கமானவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் படிக்கவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

காசு கொடுத்துப் போகிறவர்களுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. கடத்தி வந்த பெண் என்று தெரிந்தும், சின்னப் பெண் என்று தெரிந்தும் போகிறவன் சிறைக்குப் போகவேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் அந்தத் தண்டனையை நீதிபதி கொடுக்கட்டும். இவ்வளவு நாள், இவ்வளவு தொகை என்று அதற்கு ஓர் அளவு இருக்கிறது. சந்தி சிரிக்க வைப்பதற்கு எந்த அளவும் இல்லை, அது எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த யோசனை ஒன்றும் இணையத்தோடு வந்ததில்லை. 1979 அக்டோபரில் நியூயார்க் மேயர் எட் காக், இந்தக் குற்றத்தில் தண்டனை பெற்ற ஆண்களின் பெயர்களை நகராட்சியின் சொந்த வானொலியிலேயே வாசிக்க வைத்தார். 'ஜான் ஹவர்' என்று பேர், 'ஜான்' என்றால் அங்கே காசு கொடுத்துப் போகிற வாடிக்கையாளர். மொத்தம் ஒன்பது பெயர்கள், இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த ஒரு நாளோடு கைவிட்டுவிட்டார்கள். அதிலாவது தீர்ப்பு வந்த பிறகுதான் பெயரைச் சொன்னார்கள். 2005இல் சிகாகோ போலீஸ் கைதானவர்களின் போட்டோவையே இணையதளத்தில் போட ஆரம்பித்தது, அதாவது தீர்ப்புக்கு முன்பே. 2013இல் நியூயார்க் மாநிலத்தின் நாசோ (Nassau) மாவட்டத்தில் கைதான 104 பேரின் முகங்களைப் பத்திரிகையாளர் கூட்டத்தில் வரிசையாகக் காட்டினார்கள். பிறகு வழக்கு நடந்து சிலர் விடுதலையும் ஆனார்கள். விடுதலையானதை யார் கூட்டம் போட்டுச் சொன்னார்கள்? அந்தப் போட்டோ இன்னும் எத்தனை இடத்தில் கிடக்கிறதோ. கைதானவர்களின் படங்களை அள்ளிப் போட்டுவிட்டு, எடுக்கவேண்டும் என்றால் காசு கொடு என்று கேட்ட இணையதளங்களே அமெரிக்காவில் இருந்தன, அதைத் தடுக்கச் சில மாநிலங்கள் தனியாகச் சட்டம் போடவேண்டி வந்தது.

2012இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கென்னபங்க் என்ற சின்ன ஊரில் நடந்தது எனக்கு இதையெல்லாம்விட முக்கியமாகப் படுகிறது. நடனப் பயிற்சி நடத்திய ஒரு பெண் பாலியல் தொழில் செய்ததாக வழக்கு. அவரிடம் போனதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களின் பெயர்கள் முதலில் வந்தபோது முகவரி இல்லை, வயது இல்லை, பெயர் மட்டும். ஒரே பெயரில் அந்தப் பக்கம் எத்தனை பேர் இருப்பார்கள்! சம்பந்தமே இல்லாதவர்கள், பட்டியலில் தன் பெயர் இருந்த ஒரே காரணத்தால், "அது நான் இல்லை" என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லவேண்டி வந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அது அப்படியே நடந்தது. சரி, முகவரியும் சேர்த்துப் போட்டால் குழப்பம் தீர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த முகவரியில் அவர் ஒருவர் மட்டுமா இருக்கிறார்? அவர் மனைவி அதே வாசலில் இறங்கித்தான் வேலைக்குப் போகவேண்டும், பிள்ளை அதே பெயரைத் தன் பெயரோடு சேர்த்து எழுதித்தான் பள்ளியில் உட்காரவேண்டும். கணவன் செய்த துரோகம் தெரிந்த அதே நாளில் அது ஊருக்கும் தெரிகிறது என்றால், அழுவதற்குக்கூட அந்தப் பெண்ணுக்கு ஒரு மூலை மிஞ்சாது. அவள் எந்தக் குற்றப்பத்திரிகையிலும் இல்லை.

பெண்களைக் காப்பாற்றத்தான் இதைச் செய்கிறோம் என்று சொல்வதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒருமுறை அவமானப்படுத்துவதைப் பழக்கமாக்கிவிட்டால் அது ஆண்களோடு நிற்பதில்லை. 2006 நவம்பரில் சீனாவின் ஷென்ஜென் நகரில் பாலியல் தொழிலாளிகளையும் வாடிக்கையாளர்களையும் சேர்த்துச் சுமார் நூறு பேரை மஞ்சள் சட்டை மாட்டிக் கைவிலங்கோடு தெருவில் நிறுத்தினார்கள். முகமூடி போட்டிருந்தார்கள், ஆனால் ஒவ்வொருவரின் பெயரையும் பிறந்த தேதியையும் சொந்த ஊரையும் ஒலிபெருக்கியில் படித்தார்கள், அப்புறம் அந்த முகமூடி எதற்கு? கூட்டம் வேடிக்கை பார்த்தது. ஆனால் நாடு முழுக்கக் கோபம் கிளம்பியது, ஷாங்காய் வழக்கறிஞர் ஒருவர் இது சட்டவிரோதம் என்று பகிரங்கக் கடிதமே எழுதினார். அப்படியும் 2010இல் அதே நாட்டின் டோங்குவான் நகரில் பெண்களைச் செருப்பில்லாமல் கயிற்றில் கட்டி நடத்திப் போனார்கள். அந்தப் படங்கள் வெளியே வந்த பிறகுதான் இப்படி ஊர்வலம் விடுவதை நிறுத்தச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது.

பயம் இருந்தால் போகமாட்டார்கள் என்று ஒரு வாதம் இருக்கிறது. சிலர் பயப்படுவார்கள்தான், மறுக்கவில்லை. மற்றவர்கள் வெளிச்சமில்லாத இடத்துக்குப் போவார்கள், கூடவே அந்தப் பெண்ணும் போயாகவேண்டும், அங்கே அவள் கத்தினால் கேட்க ஆள் இருக்காது. சான் பிரான்சிஸ்கோவில் 1995இல் வேறு ஒரு வழியைப் பார்த்தார்கள். முதல்முறை பிடிபட்டவர்களை ஒரு நாள் வகுப்பில் உட்காரவைத்து, இந்தத் தொழிலில் இருந்து மீண்ட பெண்களையே அவர்கள் முன்னால் பேச வைத்தார்கள். அதற்கும் விமர்சனம் உண்டு. ஆனாலும் தான் காசு கொடுத்துப் போனது யாரிடம் என்று அந்த ஆள் நேருக்கு நேர் காதால் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டியிருக்கிறதே, எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது. ஊர் துப்பும்போது அவன் அந்தப் பெண்ணை நினைப்பதில்லை, தன் மானத்தைத்தான் நினைக்கிறான்.

அடுத்த முறை இப்படி ஒரு பட்டியல் உங்கள் போனுக்கு வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். கைதா தீர்ப்பா என்றுகூட அதில் பெரும்பாலும் போட்டிருக்காது.