அவசரப்படாதீர் என்ற பிறகு வரும் துஆ

பல ஆண்டுகள் பொது வார்டில் செவிலியராக இருந்த நான் டயாலிசிஸ் பிரிவுக்கு மாற்றலானேன். கைக்குப் பழகிய வேலையை விட்டுவிட்டு, ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்திகரித்து உடலுக்கே திருப்பி அனுப்பும் இயந்திரத்தின் முன் மறுபடி மாணவியாக நிற்பது எளிதல்ல. "ரப்பி ஸித்னீ இல்மா" என்ற துஆ, அதாவது பிரார்த்தனை, தானாக வாயில் வந்தது. இறைவா, எனக்குக் கல்வியை அதிகப்படுத்துவாயாக.

இது குர்ஆனின் 20ஆவது அத்தியாயமான தாஹாவில் 114ஆவது வசனத்தின் கடைசிப் பகுதி. அதற்குச் சற்று முன்னால், வஹீ எனும் இறைச்செய்தி முழுமையாக அருளப்படும் முன் ஓதுவதற்கு அவசரப்படாதீர் என்று நபி (ஸல்) அவர்களிடம் இறைவன் சொல்கிறான். அதைக் கொண்டுவரும் வானவர் ஜிப்ரீல் (அலை) ஓதிக்காட்டும்போதே, மறந்துவிடக் கூடாதே என்று நபியவர்களும் கூடவே விரைந்து ஓதியதைக் குர்ஆன் விரிவுரையாளர்கள் குறிப்பிடுகிறார்கள். புதிதாக ஒன்றைக் கற்கும் எவருக்கும் அந்தத் தவிப்பு தெரியும்.

டயாலிசிஸில் அவசரத்துக்கு இடமே இல்லை. நோயாளியை இணைக்கும் முன், ரத்தத்தை வடிகட்டும் டயலைசரையும் குழாய்களையும் சலைன் உப்புநீரால் நிரப்பி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். எல்லாம் நிறைந்துவிட்டது போலத்தான் தெரியும். டயலைசரை விரலால் தட்டினால் மெல்லிய இழைகளுக்குள் ஒளிந்திருந்த குமிழிகள் வரிசையாகக் கிளம்பும். இன்னொரு முறை தட்டினால் இன்னும் சில வரும். அந்தக் காற்று ரத்தத்தோடு உடலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. குமிழியைக் கண்டதும் குழாயை அடைத்துவிடும் உணர்கருவி இயந்திரத்தில் உண்டுதான். அதை நம்பி இந்த வேலையைப் பாதியில் விடக் கூடாது. பொறுமையும் பாடத்தில் சேர்ந்ததுதான் என்று அந்த வசனம் எனக்கு அங்கேதான் புரிந்தது.

அதே அத்தியாயத்தில் மூஸா நபி (அலை) அவர்களின் துஆவும் இருக்கிறது: என் நெஞ்சை விரிவாக்கு, என் காரியத்தை எளிதாக்கு, என் நாவின் முடிச்சை அவிழ்த்துவிடு, என் சொல்லை அவர்கள் விளங்கிக்கொள்வார்கள். பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த வசனங்களில் அவர், தம் சகோதரர் ஹாரூனைத் துணையாகத் தரும்படி கேட்கிறார். ஒரு நபியே துணை கேட்டிருக்கும்போது, வயதில் இளையவரிடம் சந்தேகம் கேட்க நான் ஏன் கூச வேண்டும்?

கேட்டேன். "அலாரம் அடித்தால் உடனே திரையைத் தொடாதீங்க சிஸ்டர். முதலில் நோயாளியைப் பாருங்க, பிறகு ஊசி போட்ட இடத்திலிருந்து குழாய் நெடுகப் பார்த்துக்கொண்டே வாங்க" என்றார் அந்த இளைய செவிலியர். அன்று நோயாளியின் முழங்கைக்கு அடியில் குழாய் மடங்கிக் கிடந்தது. நிமிர்த்தியதும் குழாயில் ஏறியிருந்த அழுத்தம் இறங்கியது.

இப்போது புதியவர்களுக்கு நான் கற்றுத் தருகிறேன். நாவின் முடிச்சை அவிழ்க்கச் சொல்லும் துஆ கற்பிப்பவருக்கே அதிகம் தேவைப்படுகிறது. அதை ஓதிக்கொண்டு, முதலில் குழாய்களைக் காட்டுகிறேன்.