அழைப்பு மணிக்கு முந்திய 30 விநாடிகள்

2024 ஜனவரி 6

பழைய பெட்டிகளை ஒழித்துக்கொண்டிருந்தபோது, 1988ஆம் ஆண்டு நான் பதிவு செய்து வைத்திருந்த ‘வின், லூஸ் ஆர் டிரா’ என்ற தொலைக்காட்சி விளையாட்டின் ஒளிநாடா ஒன்று அகப்பட்டது. அணியில் ஒருவர் படம் வரைய, அது எந்தச் சொல் அல்லது சொற்றொடர் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். அமெரிக்காவுக்கு வந்த புதிதில், என்பிசி தொலைக்காட்சியில் பகல் வேளையில் விக்கி லாரன்ஸும் பிற நிலையங்களில் பெர்ட் கான்வியும் நடத்திய அந்த விளையாட்டை விடாமல் பார்த்தவன் நான். ஒளிநாடாவை ஓட்டுவதற்குக் கருவிதான் இல்லை.

2024 ஜனவரி 9

நண்பர் ஒருவர் கருவியைக் கொடுத்து உதவினார். படம் வந்ததும் முதலில் கண்ணில் பட்டது அந்தக் கூடம். கான்வியுடன் சேர்ந்து 1987இல் இந்நிகழ்ச்சியைத் தொடங்கிய நடிகர் பர்ட் ரெனால்ட்ஸின் வீட்டுக் கூடத்தைப் போலவே அரங்கை அமைத்திருந்தார்கள். ஒருபுறம் ஆண்கள் அணி, மறுபுறம் பெண்கள் அணி. ஒவ்வொன்றிலும் பிரபலங்கள் இருவர், பொதுமக்களில் ஒருவர். வரைபவர் வாய் திறக்கக் கூடாது. எழுத்தும் எண்ணும் எழுதக் கூடாது. முதல் 30 விநாடிக்குள் விடை வந்தால் 200 டாலர். பின்னர் வீட்டு அழைப்பு மணி ஒலிக்கும். தொகை 100 டாலராகக் குறையும், பேனாவைத் தம் அணியில் இன்னொருவரிடம் கொடுத்துவிடலாம். அடுத்த 30 விநாடியும் கழிந்துவிட்டால், எதிரணி ஒரே ஒரு முறை விடை சொல்லிப் பார்க்கலாம்.

அந்த மணி ஒலிக்கும் கணத்தில் வரைபவரின் முகத்தைத்தான் இப்போது உற்றுப் பார்க்கிறேன். தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தும் பேனாவை விட மனம் வராமல், வரைந்த படத்தையே மேலும் அழுத்தி வரைபவர்கள்தாம் அதிகம்.

2024 ஜனவரி 13

மகளும் மருமகனும் வந்திருந்ததால், பெரிய தாளைச் சுவரில் ஒட்டி, தமிழ்ப் பழமொழிகளை வைத்து நாங்களே விளையாடினோம். ‘யானைக்கும் அடி சறுக்கும்’ என்பது என் பங்குக்கு வந்தது. தந்தமும் முறக்காதும் வாலின் மயிர்க்கற்றையும் தவறாமல், என் திறமையை எல்லாம் காட்டி ஒரு யானையை வரைந்தேன். “யானை வரும் பின்னே” என்றாள் மகள். “யானை படுத்தாலும் குதிரை மட்டம்” என்றார் மருமகன். “யானைக்கொரு காலம், பூனைக்கொரு காலம்” என்று முடித்தாள் என் மனைவி. நானோ தும்பிக்கைக்குச் சுருக்கம் போட்டுக்கொண்டிருந்தேன். நேரம் பாதி கழிந்ததும் மனைவி எழுந்து வந்து, சீட்டைப் பார்த்துவிட்டு, யானையின் முன்காலடியில் சாய்வாக ஒரே ஒரு கோடு இழுத்தாள். மகள் விடையைச் சொல்லிவிட்டாள். யானையை எல்லோருக்கும் முன்பே தெரியும். சறுக்கலைத்தான் நான் வரையவில்லை.

2024 ஜனவரி 14

ராபர்ட் ஏஞ்சல் உருவாக்கிய, இதே போல் படம் வரைந்து விடை கண்டுபிடிக்கும் விளையாட்டான ‘பிக்‌ஷனரி’ 1985இலேயே கடைக்கு வந்துவிட்டது, ஆகவே தொலைக்காட்சி புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை என்கிறார் மருமகன். உண்மைதான். ஆனால் புகழ்பெற்ற நடிகர்கள் நாயையும் நாற்காலியையும் வேறுபாடு தெரியாமல் வரைந்து விழிப்பதை அட்டைப்பெட்டி விளையாட்டில் பார்க்க முடியாதே.

2024 ஜனவரி 16

மிச்சத்தையும் பார்த்தேன். 1991இல் காலமான கான்வி இதில் சோபாவின் விளிம்பில் அமர்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். ஒருவரே 90 விநாடிகளுக்கு விடாமல் வரையும் கடைசிச் சுற்றில், பெண்கள் அணியின் போட்டியாளர் ஒரு வட்டமும் அதனுள் இரு கோடுகளும் போட்டபோது ஒளிநாடா தீர்ந்துவிட்டது. கடிகாரம் என்கிறாள் மனைவி. எனக்கு அது பொத்தானாகப் படுகிறது.