மழை பெஞ்சா யாரு மரம் வெட்டப் போவா?

4 மே 2025, ஞாயிறு

இன்னிக்கு அம்மாவுக்கு நான் எழுதுற கொலைக் கதையோட முதல் அத்தியாயத்த வாசிச்சுக் காட்டுனேன். கண்ணு ஆபரேஷனுக்கு அப்புறம் அவங்களால ரொம்ப நேரம் படிக்க முடியறதில்ல, அதனால நான் வாசிக்க அவங்க கீரை ஆஞ்சிக்கிட்டே கேட்டாங்க. கதை 1996ல நடக்குது, மலேசியாவுல நம்ம சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு கித்தா (ரப்பர்) தோட்டம், அப்பா செத்து பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச ராத்திரி மூத்த மகன் மணியம் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசைக்கு) பின்னால மரத்துக்கு நடுவுல செத்துக் கெடக்கான். ராத்திரி பூரா பேய் மழை, விடியக்காலைல மரம் வெட்டப் போற (பட்டைய சீவி ரப்பர் பால் எடுக்கப் போற) அஞ்சலைதான் தலைவிளக்கு வெளிச்சத்துல மொதல்ல பாக்குறா. இந்த எடத்த மட்டும் நாலு தடவ திருத்தி எழுதியிருக்கேன்.

அம்மா கீரைய கீழ வச்சாங்க. "ராத்திரி பூரா மழைன்ற, அப்புறம் அவ எதுக்கு புள்ள வெட்டப் போனா?"

எனக்கு ஒண்ணும் சொல்ல வரல. 26 வருஷம் மரம் வெட்டுனவங்க கேக்குற கேள்வி அது. மேசை ஓரத்துல கரண்டிக் காம்ப சாய்ச்சு வச்சு காட்டுனாங்க, உளிய இப்படிப் புடிச்சு பட்டைய மெலிசா சீவிக்கிட்டே எறக்கணும், ஆழமா போனா மரம் காயமாயிடும், கோடு சரிவா இருந்தாதான் பால் ஓடி மங்குல (பால் சேருற கிண்ணத்துல) எறங்கும். மரம் நனைஞ்சிருந்தா பால் கோட்டுலயே நிக்காது, பட்டை பூரா வழிஞ்சு தண்ணியோட போயிடும். அதனால பெரட்டுலயே (காலைல ஆள் கணக்கெடுக்கறப்பவே) இன்னிக்கு வெட்டு இல்லன்னு சொல்லிடுவாங்க. சொல்லும்போது அம்மா கட்டைவிரல் தானா மடங்கி கரண்டிய அழுத்துச்சு, வேலைய விட்டு எத்தன வருஷம் ஆச்சு, அந்த வெரலு இன்னும் மறக்கல.

7 மே, புதன்

மழைய எடுத்துட்டா வேலை முடிஞ்சுது, ஒரு வரிதான். ஆனா ரெண்டு நாளா ஆபீஸ்ல உக்காந்தாலும் அதே நெனப்பு, வெட்டு இல்லாத நாள்ல, அந்த இருட்டுல, அஞ்சலை எதுக்கு அங்க போனா? இவ்வளவு நாளா அவ பொணத்தப் பாக்கறதுக்காக மட்டும் கதைக்குள்ள வந்துட்டுப் போனவ. வீடு இல்ல, புள்ள இல்ல, கடன் இல்ல, கத்துறதுக்கு ஒரு வாய் மட்டும் இருந்துச்சு. நான் படிச்ச எத்தனயோ மர்மக் கதையில இப்படி ஒரு வேலைக்காரியோ பால்காரனோ வந்து கத்திட்டு காணாமப் போயிடுவாங்க, அத நானும் அப்படியே செஞ்சிருக்கேன்.

8 மே, வியாழன்

கெடச்சிருச்சு. மொத நாள் வெட்டுக்கு அப்புறம் சொட்டி சொட்டி மங்குலயே ஒறஞ்சு போற பால் இருக்கே, அந்தக் கட்டிப்பால திருட்டுத்தனமா எடுக்கப் போயிருக்கா. வெட்டு இல்லாத நாள்ல மர நிரைக்குள்ள ஒரு ஆளும் வராது, மாசத்துல நாலஞ்சு நாள் மழைன்னா சம்பளத்துல விழுற ஓட்டைய எங்கயாவது அடைக்கணும்ல. அப்ப பொணத்தப் பாத்தா அவ கத்தவே மாட்டா. சாக்கத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குத்தான் ஓடுவா. மத்தியானம் வரைக்கும் வாயே தெறக்க மாட்டா. என் கதையில மொத்த கேஸும் அந்த ஆறு மணி நேரத்துலதான் சிக்கப் போகுது.

9 மே, வெள்ளி

சாயந்தரம் பக்கத்து வீட்டு சார்ஜன் மாமாவோட (போலீஸ்ல சார்ஜனா இருந்தவரு) தேத்தண்ணி குடிச்சிக்கிட்டே பேசுனேன். பென்ஷன் வாங்கி பல வருஷம் ஆச்சு, ஆனா கேட்டா நேத்து நடந்த மாதிரி சொல்லுவாரு. என் கதையில இன்ஸ்பெக்டர் சந்தேகப்பட்டவன புடிச்சு ஒரு மாசம் ஸ்டேசன்லயே வச்சிருந்தாரு. மாமா தலைய ஆட்டுனாரு. "அப்படியெல்லாம் வைக்க முடியாதும்மா. 24 மணி நேரத்துல மாஜிஸ்திரேட் முன்னால கொண்டு போய் நிறுத்தணும். 96ல ரிமாண்ட் எல்லாம் சேத்து பதினஞ்சு நாள்தான், அதோட சரி." கோர்ட்ல ஜூரி உக்காந்திருக்கற மாதிரி எழுதியிருந்தேன், அதுவும் தப்பு, 1995லயே நம்ம நாட்டுல ஜூரிய எடுத்தாச்சு, 96ல ஹைகோர்ட்ல ஒரே நீதிபதிதான். 302 (கொலைக் குற்றப் பிரிவு) நிரூபணம் ஆச்சுன்னா அவரு கையிலயும் ஒண்ணும் இல்ல, தூக்குதான். 2023லதான் சட்டம் மாறி நீதிபதி தூக்கா ஜெயிலான்னு முடிவு பண்ணலாம்னு ஆச்சு.

இந்தப் பதினஞ்சு நாள் கணக்கு எனக்குப் பெரிய ஒதவி. ஒரு குடும்பம் பதினஞ்சு நாள் எதப் பேசும், எத மறைக்கும், யாரு சோறு கட்டிக்கிட்டு ஸ்டேசன் வாசல்ல போய் நிப்பா, யாரு போகவே மாட்டா, அதுலயே பாதி கதை ஓடிடும்.

12 மே, திங்கள் (வெசாக் லீவு)

தஸ்தாயெவ்ஸ்கியோட 'குற்றமும் தண்டனையும்' திரும்ப எடுத்தேன், 1866ல வந்தது. கொலை முதல் பாகத்துலயே முடிஞ்சிடும், மிச்சமெல்லாம் அப்புறம் நடக்கறது. ஆனா இந்தத் தடவ என் கண்ணு நின்னது கொலைக்கு முன்னாடி வர்ற அம்மா கடுதாசில. கதாநாயகன் ரஸ்கோல்னிகோவோட தங்கச்சி ஒரு பணக்காரனுக்குக் கழுத்த நீட்டப் போறா, அது தனக்காகத்தான்னு அவனுக்கு அந்தக் கடுதாசியிலதான் புரியுது. ஒரு அம்மா பாசமா எழுதுன பக்கங்கள் அவன் கழுத்த எப்படி நெரிக்குதுன்னு பாத்தா, குடும்பக் கதை வேற கொலைக் கதை வேறன்னு யாரு சொல்றாங்களோ அவங்கள உக்கார வச்சு படிச்சுக் காட்டணும் போல இருக்கு.

18 மே, ஞாயிறு

கொலகாரன மாத்திட்டேன். சம்சு (மலிவுச் சாராயம்) குடிச்சிட்டு நாலு நம்பர் சூதாட்டத்துல பணத்த விட்ட சித்தப்பாதான் இவ்வளவு நாளா கொலகாரன். மொத பக்கத்துலயே எல்லாருக்கும் தெரிஞ்சிடும், ஏன்னா அவன கெட்டவன்னு காட்றதத் தவிர நான் வேற ஒண்ணுமே செய்யல.

இப்ப அது தம்பி சேகர். அப்பாவ ரெண்டு வருஷம் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பாயி மாத்தி விட்டவன் அவன்தான். ஆனா அப்பா ஈபிஎப் (தொழிலாளர் சேமநிதி) ஆபீசுக்குப் போன அன்னிக்கு கூடப் போனவன் பெரியவன், அதனால ஃபாரத்துல அவன் பேரு மட்டும் எழுதியிருக்கு. நம்ம மாதிரி முஸ்லிம் இல்லாதவங்களுக்கு யாரு பேரு இருக்கோ பணம் அவங்களுக்குத்தான். தோட்டத்த விக்கப் போறாங்க, லயத்த காலி பண்ணணும், அப்ப மலிவு வீடு 25,000 வெள்ளி (ரிங்கிட்), முன்பணம் கட்டக்கூட சேகர் கையில ஒண்ணும் இல்ல. பதினாறாம் நாள் சோத்துக்கு அப்புறம் பெரியவன் சொல்றான், "நீ பாத்துக்கிட்டதுக்குத்தான் இத்தன நாள் அப்பா வீட்டுல சும்மா இருந்தியே." சேகர் தள்ளுறான். ஒரே ஒரு தள்ளு. கீழ கல்லு.

சார்ஜன் மாமாகிட்ட சொன்னேன், ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "அது 302ஆ 304ஆன்னு (கொலையா, கொலை ஆகாத மரணமான்னு) அங்கதான் கேஸ் நிக்கும்மா, கொல்லணும்னு தள்ளுனானா இல்லையா, அது அவனுக்குத்தான் தெரியும்"ன்னாரு. சேகரால சொல்ல முடியாது, அவனுக்கே தெரியாது. அந்த எடத்த எழுதும்போது எனக்குக் கை நடுங்குச்சு.

25 மே, ஞாயிறு

அம்மாவுக்கு அஞ்சலை அத்தியாயத்த புதுசா வாசிச்சேன். கண்ண மூடிக்கிட்டு கேட்டாங்க, தூங்கிட்டாங்களோன்னு நெனச்சேன். போலீஸ் ஜீப் லயத்துக்குள்ள வர்ற எடத்துல கண்ணத் தெறந்தாங்க.

"கட்டிப்பால் அள்ளுன கையி புள்ள அது. நாத்தம் போகாது. சவுக்காரம் போட்டாலும் போகாது. போலீஸ்காரன் கிட்ட வந்தான்னா தெரிஞ்சிரும்."

"அப்ப என்னம்மா பண்ணுவா?"

அம்மா கொஞ்ச நேரம் அவங்க கையையே பாத்தாங்க. "புளி போட்டு தேய்ப்போம்"னாங்க.

தேய்ப்பாங்கன்னு சொல்லல, தேய்ப்போம்னு சொன்னாங்க. நானும் அதுக்கு மேல கேக்கல. ராத்திரி உக்காந்து எழுதிட்டேன், ஜீப் சத்தம் கேட்டதும் அஞ்சலை அடுப்பங்கரைக்குப் போயி புளிப்பானைக்குள்ள கைய விடுறா.