நேர்கோடும் மின்னதிர்ச்சியும்

"அவருக்கும் இப்படிக் கரண்ட் வச்சிருந்தா எழும்பியிருப்பார்தானே மகள்?" என்று, மட்டக்களப்பு கல்லடியில் பக்கத்து வீட்டு மாமி இன்று பின்னேரம் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தபடியே, காலமான மாமாவை நினைத்துக் கேட்டார்.

திரையில் இதயத் துடிப்புக் கோடு நேராகியிருந்தது. வைத்தியர் இரண்டு தட்டுகளை மார்பில் அழுத்தினார், உடல் தூக்கிப்போட்டது, நோயாளி கண் திறந்தார்.

உண்மையில் நேர்கோட்டுக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதில்லை.

இதயத்தின் கீழறைகள் ஒழுங்கின்றித் துடிதுடிக்கும்போது, அந்தக் குழம்பிய மின்னியக்கத்தை ஒரு கணம் அடக்கி, இதயம் தன் தாளத்தைத் தானே மீட்டுக்கொள்ள வழிவிடுவதே மின்னதிர்ச்சிக் கருவியின் பணி. நேர்கோடு என்றால் மின்னியக்கமே இல்லை; அடக்குவதற்கு எதுவுமே எஞ்சாத அந்த இதயத்தில் நெஞ்சழுத்தமும் அட்ரினலின் ஊசியும்தான் முதன்மையான சிகிச்சை.

'ஈஆர்' உள்ளிட்ட அமெரிக்கத் தொடர்களை ஆராய்ந்து 1996இல் வெளியான கட்டுரையொன்று, அவற்றில் நெஞ்சழுத்தம் பெற்றவர்களில் 75 வீதமானோர் உடனடியாக உயிர் மீண்டதாகக் கணக்கிட்டது. நிஜத்தில், வைத்தியசாலைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் பிழைப்போர் பல நாடுகளில் பத்தில் ஒருவர்கூட இல்லை.

இந்த இடைவெளி, கணவரை இழந்த ஒரு பெண்ணின் மனதில் 'ஏதோ செய்யாமல் விட்டுவிட்டார்கள்' என்ற ஆறாத சந்தேகமாகத் தங்கிவிடுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. மாமாவின் இதயம் வீட்டிலேயே நின்றுவிட்டது என்பதை மாமிக்கு நிதானமாக விளக்கினேன்.

தொடர்கள் சரியாகக் காட்ட வேண்டியது வேறொன்று: ஒருவரின் இதயம் நின்றால் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்துவிட்டு, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, குறைந்தது 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, உதவி வரும்வரை அழுத்துவது. அம்புலன்ஸ் வந்துசேர நேரமெடுக்கும், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கிராமங்களில் இதை வீட்டுக்கு ஒருவராவது கற்றிருக்க வேண்டும்.