வெறுங்கையோடு திரும்பிய நாட்கள்

அந்தச் சிறிய நீர்த்தேக்கத்தின் மீன்வளப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தபோது சாவிக்கொத்தோடு ஒரு தராசும் பழைய பதிவேடும் கைக்கு வந்தன. பதிவேட்டைப் புரட்டினால் எல்லா நாளும் மீன் கிடைத்திருந்தது. ஒரு நாள்கூட யாரும் சும்மா திரும்பவில்லை. நமக்கு நல்ல தண்ணீர்தான் வாய்த்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கரையில் நின்ற பிறகுதான் விஷயம் பிடிபட்டது. விடியற்காலையில் ஏழு படகு கரை சேர்ந்தால் தராசுக்கு வருவது மூன்றோ நான்கோ. மற்றவர்கள் வலையை உதறிச் சுருட்டிக்கொண்டு நேராகப் போய்விடுவார்கள். ஒரு பெரியவரை நிறுத்திக் கேட்டேன்.

"ஒண்ணும் விழலை. சும்மா போயிட்டு வந்ததை எதுக்கு சார் எழுதணும்?"

அவர் கேட்டதில் தப்பில்லை. பதிவேட்டில் அதற்குக் கட்டமே கிடையாது. பெயர், மீன் வகை, எடை, கையெழுத்து. வந்த மீனுக்குத்தான் கணக்கு; போன வலைக்குக் கணக்கு இல்லை.

அன்று மாலை படகுத்துறைத் திண்டில் உட்கார்ந்து அவருக்கு ஒரு கணக்குச் சொன்னேன். போன வருஷம் 10 வலை போட்டு 100 கிலோ எடுத்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வருஷமும் 100 கிலோ, ஆனால் 25 வலை போட வேண்டியிருந்தது. மொத்தம் மாறவில்லை. ஒரு வலைக்கு விழுந்தது மட்டும் 10 கிலோவிலிருந்து 4 ஆகிவிட்டது. அப்படியானால் தண்ணீருக்குள் மீன் குறைகிறது என்றுதானே அர்த்தம்? பெரியவர் யோசித்துவிட்டு, "அது எங்களுக்குத் தெரியும் சார், உங்க புக்குக்குத்தான் தெரியாது" என்றார்.

கட்டங்களை மாற்றினோம். எத்தனை வலை, கண்ணி (வலையின் ஓட்டை) அளவு என்ன, எத்தனை மணி நேரம் தண்ணீரில் கிடந்தது, விழாவிட்டால் பூஜ்யம். தூண்டில் போடுகிறவர்களுக்கும் அதேதான்: எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார்கள் என்பதும் வேண்டும். அவர்களிடம் கேட்பதுதான் பெரும்பாடு. மீன் பிடிக்காமல் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்ததை எந்தத் தூண்டில்காரர் ஒப்புக்கொள்வார்?

கண்ணி அளவை எழுத ஆரம்பித்ததும் இன்னொன்றும் வெளிச்சத்துக்கு வந்தது. பழைய பதிவேட்டின்படி எங்கள் கட்லாவெல்லாம் கிட்டத்தட்ட ஒரே பருமன். ஒரே வயது மீன்கள்தான் இங்கே இருக்கின்றன என்று முன்பு யாரோ குறிப்பு எழுதியிருந்தார்கள். விஷயம் என்னவென்றால் எல்லோருடைய வலையும் ஒரே கண்ணி. செவுள் வலையில் சின்ன மீன் நழுவிவிடும், ரொம்பப் பெரியது தலை நுழையாமல் முட்டித் திரும்பிவிடும், நடுத்தரம் மட்டும் செவுளில் மாட்டும். இத்தனை காலம் பதிவேடு சொன்னது மீனின் அளவை அல்ல, வலையின் அளவை.

அடுத்து நான் செய்தது என் சொந்த முட்டாள்தனம். மொத்தம் எத்தனை மீன் இருக்கிறது என்று பார்க்க ஆசை வந்துவிட்டது. இதற்கான வழி பழையது. டென்மார்க்கின் பீட்டர்சன் 1896லேயே தட்டைமீன்களுக்கு அடையாளமிட்டு எழுதியிருக்கிறார். 200 மீனைப் பிடித்துத் துடுப்பின் நுனியைக் கத்தரித்து விடுகிறோம். சில நாள் கழித்து 150 பிடிக்கிறோம். அதில் 10 கத்தரித்த துடுப்போடு வந்தால், 200ஐ 150ஆல் பெருக்கி 10ஆல் வகுத்து 3,000 என்று மதிப்பிடலாம். ஒரு நிபந்தனை: இடைப்பட்ட நாளில் உள்ளே எதுவும் வரக்கூடாது, வெளியே எதுவும் போகக்கூடாது.

துடுப்பைக் கத்தரித்து மீன்களை விட்ட அதே வாரத்தில்தான் விரலிகளும், அதாவது வளர்வதற்காகத் தண்ணீரில் விடும் மீன்குஞ்சுகளும், வந்தன. சுண்டுவிரல் நீளத்தில் விட்டால் விராலும் வாளையும் விழுங்கிவிடும் என்று, சுமார் 10 செ.மீ. வளர்ந்தவையாகக் கேட்டு வாங்கியிருந்தேன். ஆக்சிஜன் நிரப்பிய பைகளைக் கட்டு அவிழ்க்காமல் 20 நிமிஷம் தண்ணீரில் மிதக்கவிட்டு, வெப்பம் சமமானதும் வாயைத் திறந்து, நீர்த்தேக்கத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டு, குஞ்சுகள் தாமாக நீந்தி வெளியேறும்வரை முழங்கால் தண்ணீரில் நின்றேன். வெள்ளிப் பொடியைத் தூவினாற்போல ஒரு கணம் மினுங்கிவிட்டு மறைந்தன. எல்லாம் முறைப்படி. இடம் மட்டும் தவறு. வண்டி போகும் பாதை அணைக்கரை வரைக்கும்தான். ஆகவே மதகுக்குப் பக்கத்திலேயே இறக்கிவிட்டோம்.

மூன்றாம் நாள் பாசனத்துக்கு மதகைத் திறந்தார்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வாய்க்காலில் பையன்கள் துணியை விரித்துப் பிடித்து விரலிகளை அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் என்னிடமே ஓடிவந்து காட்டினான், துடுப்பு கத்தரித்த ஒரு மீனை. அதோடு கணக்கெடுப்பும் முடிந்தது. அப்புறம் மதகு இயக்கும் பொறியாளரின் அறைக்கு வாராவாரம் போய் உட்காருவதை வேலையின் ஒரு பாகமாக வைத்துக்கொண்டேன். மீன்வளத்தின் பாதி அந்த அறையில்தான் இருக்கிறது.

தடைக்காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்லா, ரோகு இனங்கள் தேங்கிய தண்ணீரில் பொதுவாக முட்டையிடாது. வெள்ள நீரோட்டம் வேண்டும். ஓடைகள் வந்து சேரும் மேல்கோடியில் வெள்ளம் வரும் அந்த முட்டையிடும் நாட்களில் வலையைத் தடுத்தால் பலன் உண்டு. நடுத்தண்ணீரில் தூண்டில் போடுகிறவரையும் சேர்த்து விரட்டினால் வருவது சண்டைதான். ஜிலேபிக் கெண்டைக்கோ இந்தத் தடை எதுவும் தேவையே இல்லை. ஆண் தரையில் குழி பறிக்கும், பெண் முட்டையை வாய்க்குள் வைத்துக் காக்கும், தண்ணீர் தேங்கி நின்றாலும் பெருகும். அதைப் பிடிக்க வேண்டாம் என்று ஒருவரைத் தடுத்த நாளை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

புதிய பதிவேட்டின் முதல் ஆண்டறிக்கையை அனுப்பினேன். ஒரு படகின் சராசரி பாதியாக விழுந்திருப்பதைப் பார்த்து மேலிடத்திலிருந்து எழுத்துமூல விளக்கம் கேட்டார்கள். இந்தச் சரிவு மீன் குறைந்ததால் அல்ல, முன்பு எழுதாத பூஜ்யங்களை இப்போது எழுதுகிறோம் என்று இரண்டு பக்கம் விளக்கினேன். பூஜ்யங்களைத் தனி இணைப்பில் போடலாமே என்று பதில் வந்தது. போடவில்லை.

அந்தப் பெரியவர் இப்போது தராசைத் திரும்பிப் பார்க்காமல் நேராக மேசைக்கு வருகிறார். போன வாரம், ஈர வலை தோளில் சொட்டச் சொட்ட நின்று சொன்னார்: "ஆறு வலை, ராத்திரி பூரா. காத்து அடிச்சுது, பாசி வந்து அடைச்சிடுச்சு. பூஜ்யம். பாசியையும் எழுதிக்குங்க."

பாசிக்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.